சுவரை உடைப்பதற்கு முன்: பழைய தாமான் வீட்டுக் குழாய்களைப் பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உங்கள் அப்பா 1980களில் வாங்கிய மாடியில்லாத வரிசை வீடு. காலையில் பைப்பைத் திறந்தால் பழுப்பாகத் தண்ணீர் வருகிறது. குளியலறையில் நூல் மாதிரிதான் விழுகிறது. பில் இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே போகிறது. வந்து பார்த்த பிளம்பர், வீடு முழுக்கச் சுவரை உடைத்து எல்லாக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவரவில்லை, கடைசியில் பாதிக் குழாய்களையாவது மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு காரணங்களால் வரக்கூடியவை. எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுத்தியலை எடுத்தால், பணம் போன பிறகும் பில் குறையாமல் இருக்கலாம்.

நம் வீடுகளில் தண்ணீர் இரண்டு வழியாக ஓடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரோட்டுக் குழாயிலிருந்து மீட்டர் வழியாக உள்ளே வருவது ஒன்று. அது நேராகச் சமையலறைப் பைப்புக்கும், பெரும்பாலும் வெளியே உள்ள பைப்புக்கும் போகும். அதிலிருந்து ஒரு கிளை கூரைக்குள் ஏறித் தொட்டியை நிரப்பும். குளியலறை, கழிவறை, வாஷிங் மெஷின் எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் ஓடுகின்றன. முன்னதில் தண்ணீர் வாரியத்தின் அழுத்தம் இருக்கும். பின்னதில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அழுத்தம்தான்.

இப்போது சமையலறைப் பைப்பையும் குளியலறைப் பைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பாருங்கள். இரண்டிலும் மெதுவாக வந்தால், மீட்டர் பக்கத்திலோ, அங்கிருந்து உள்ளே வரும் குழாயிலோ கோளாறு. சமையலறையில் பாய்ந்து வந்து குளியலறையில் மட்டும் நூலாக விழுந்தால், தொட்டியிலோ அதிலிருந்து இறங்கும் குழாயிலோ கோளாறு. இதற்கு ஒரு சென் செலவில்லை.

குளியலறை ஷவர் விஷயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். மாடியில்லாத வீட்டில் தொட்டிக்கும் ஷவர் தலைக்கும் நடுவே ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.1 அல்லது 0.15 பார். கடையில் பார்க்கும் தட்டு அகல ஷவரை அதில் மாட்டினால் புதுக் குழாயிலும் சொட்டத்தான் செய்யும். அப்படி மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அழுத்தம் வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சின்ன பம்ப் வைக்கலாம், அல்லது பம்ப் உள்ள ஹீட்டர் வாங்கலாம். மீட்டரிலிருந்து வரும் குழாயில் நேராகப் பம்ப் வைத்து இழுக்கக் கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம் இருக்க, ரோட்டுக் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் அக்கம்பக்க லோங்காங் (சாக்கடை) அழுக்கையும் விரிசல் வழியாக உள்ளே இழுத்துவிடும்.

அடுத்து பில். மீட்டரே இதற்குப் பதில் சொல்லிவிடும். வீட்டில் எல்லாப் பைப்புகளையும் மூடுங்கள், வாஷிங் மெஷின் ஓடக் கூடாது. தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் மூடுங்கள். பழைய வீடுகளில் அந்த வால்வு இருக்காது, இருந்தாலும் திரும்பாது. அப்படியானால் தொட்டியின் வாயில் குறுக்காக ஒரு குச்சியை வைத்து, மிதவையின் (தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக மூடும் பந்து) கம்பியை அதோடு தூக்கிக் கட்டிவிடுங்கள், தண்ணீர் ஏறுவது நின்றுவிடும். பிறகு மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால், மீட்டரிலிருந்து நேராக வரும் குழாயில் கசிவு, அநேகமாக மண்ணுக்குள். பெரும்பாலும் கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்துக்கு அடியில் இருக்கும். மேலே ஈரமே தெரியாது, தண்ணீர் மண்ணுக்குள்ளேயே ஓடி லோங்காங்கில் இறங்கிவிடும். நாலு நாள் மழையில்லாத நேரத்தில் இரவு டார்ச் அடித்து வீட்டு முன்னால் உள்ள லோங்காங்கைப் பாருங்கள். சோப்பு நுரையில்லாத தெளிந்த தண்ணீர் பக்கச் சுவரிலிருந்து கசிந்துகொண்டே இருந்தால் உங்கள் பணம்தான் அங்கே போகிறது.

சக்கரம் நின்றுவிட்டதா? அப்படியானால் கசிவு தொட்டிப் பக்கம். மிதவையை அவிழ்த்து விடுங்கள், தொட்டி நிறையட்டும். இரவு படுக்கும் முன் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுங்கள், யாரும் கழிவறைக்குப் போவதற்கு முன் காலையில் இன்னொரு படம். கறுப்பு எண்கள் கன மீட்டர், சிவப்பு எண்கள் லிட்டர் கணக்கு. சிவப்பு நகர்ந்திருந்தால் தண்ணீர் எங்கோ தப்பிப் போகிறது.

தப்பிப் போகும் இடம் பெரும்பாலும் இரண்டுதான். வீட்டின் பின்பக்கம் கூரை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் ஒன்று. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால், தொட்டியில் மிதவை வால்வு சரியாக மூடவில்லை, தொட்டி நிரம்பி வழிகிறது என்று பொருள். அந்தக் குழாயை வைத்ததே நமக்குத் தகவல் சொல்லத்தான். ஆனால் பல வீடுகளில் அதற்கு அடியில் ஒரு வாளியை வைத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றிக்கொண்டிருப்பார்கள்! வால்வுக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது மிதவைப் பந்துக்குள் தண்ணீர் புகுந்து பாதி மூழ்கிக் கிடக்கும். ஹார்ட்வேர் கடையில் முழு செட்டாகவே வாங்கி மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

இன்னொன்று கழிவறைத் தொட்டி. சத்தமே இல்லாமல் கசியும். தொட்டிக்குள் கொஞ்சம் ரோஸ் சிரப் ஊற்றி, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் சிவப்பு இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி போய்விட்டது.

இது சின்னக் கசிவுதானே என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால் ஒரு நாளைக்கு 1,440 லிட்டர், 30 நாளில் 43 கன மீட்டர். வீட்டுக் கட்டணம் 20 கன மீட்டர் வரை ஒரு விலை, 35 வரை அதைவிடக் கூடுதல், அதற்கு மேல் இன்னும் கூடுதல் என்று படி ஏறுகிறது. கசிவுத் தண்ணீர் பெரும்பாலும் மேல் படிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பில் திடீரென்று எகிறுவது இதனால்தான். மீட்டர் வரை உள்ளது லெம்பாகா ஆயர் பேராவின் (பேராக் தண்ணீர் வாரியம்) பொறுப்பு, மீட்டருக்கு இந்தப் பக்கம் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரைத் தொட்டு எந்த வேலையும் நாமாகச் செய்யக் கூடாது.

இனிமேல்தான் பழுப்புத் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் பத்தாயிரம் இதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தாமான் வீடுகளில் சுவருக்குள் போட்டது பெரும்பாலும் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். துத்தநாகப் பூச்சு கரைந்து முடிந்ததும் உள்ளே துரு கட்ட ஆரம்பிக்கும். இப்படி ஒரு குழாயை அறுத்துக் குறுக்கு வெட்டில் பார்த்திருந்தால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது. வெளியே சுண்ணாம்பு ஒட்டிய நல்ல குழாய். உள்ளே செம்மண் கட்டி கட்டியாக அப்பி, நடுவில் ஒரு கோணல் ஓட்டை, பென்சில் கூட நுழையாது. விரலால் சுரண்டினால் கறுப்பும் சிவப்புமாகச் சகதி வரும். இரவு முழுக்க அசையாமல் நின்ற தண்ணீர் அந்தத் துருவில் ஊறி, காலையில் முதல் பைப்பைத் திறக்கும்போது பழுப்பாக வருகிறது. ஒரு நிமிடம் ஓடிய பிறகு தெளிந்துவிட்டால் அது உங்கள் வீட்டுக் குழாய் வேலை. தண்ணீர்த் தடைக்குப் பிறகு தெருவுக்கே பழுப்பாக வந்தால் அது ரோட்டுக் குழாயில் கிளம்பிய வண்டல். அந்த நேரத்தில் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வெளிப் பைப்பைத் தெளியும் வரை ஓடவிட்ட பிறகு தொட்டி வால்வைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சகதி முழுவதும் தொட்டியின் அடியில் வந்து படியும்.

இதோடு ஒரு சின்ன விஷயம். பழுப்புத் தண்ணீரில் துவைத்து வெள்ளைப் பள்ளிச் சீருடையில் மஞ்சள் கறை விழுந்தால் குளோரோக்ஸ் (பிளீச்) ஊற்றாதீர்கள், துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்துப் பிறகு அலசுங்கள்.

சரி, குழாயை எப்படி மாற்றுவது? சுவருக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்து அதே இடத்தில் புதிதாகப் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழையதை இரண்டு முனையிலும் அடைத்து அப்படியே சுவருக்குள் விட்டுவிடலாம். புதுக் குழாயை வெளிச்சுவர் ஓரமாகவும் சீலிங்குக்கு மேலாகவும் கொண்டுபோய், தேவையான இடத்தில் மட்டும் சுவரில் சின்னத் துளை போட்டு உள்ளே இறக்குங்கள். பார்வைக்கு அழகு கொஞ்சம் குறையும். ஆனால் நாளைக்குக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், மொசைக்கை உடைக்க வேண்டாம். இது என் சொந்த விருப்பம்தான், வீட்டை விற்கப் போகிறவர் வேறு மாதிரி யோசிக்கலாம்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் மீட்டரிலிருந்து சமையலறைக்கும் தொட்டிக்கும் போகும் குழாய். மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடப்பது அதுதான், கசிவும் பெரும்பாலும் அங்கேதான். அடுத்து தொட்டியிலிருந்து இறங்கும் தாய்க் குழாய். இதை 25 மில்லிமீட்டரில் போடச் சொல்லுங்கள், வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து பிரியும் கிளைகள் 20, பைப்புக்குப் போகும் கடைசித் துண்டு 15 போதும். மேலிருந்து கடைசி வரை 15 மில்லிமீட்டரில் போட்டுவிட்டு, புதுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவும் செய்தாலே குளியலறைத் தண்ணீரும் பழுப்பும் பெரும்பாலும் சரியாகிவிடும். மீதியை ஒவ்வொரு குளியலறையாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஜிஐ குழாயில் ஒரே ஒரு எல்போவை (வளைவு இணைப்பை) மட்டும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். துருவேறிய மரையைப் பெரிய ரெஞ்ச் வைத்துத் திருப்பும்போது, சுவருக்குள் இருக்கும் அடுத்த இணைப்பு விண்டு போகும். வெளியே நின்ற சொட்டு உள்ளே ஆரம்பிக்கும். சாயந்தரம் கூலி வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், ஈரம் மறுவாரம்தான் சுவரில் தெரியும்.

பிவிசி போடுவதாக இருந்தால் அழுத்தம் தாங்கும் தடித்த வகை வேண்டும், கழிவுக்குப் போடும் மெல்லிய வகை ஆகாது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். ஸ்பான் (தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையம்) ஒப்புதல் பெற்ற பொருளா என்றும் கேளுங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் பிவிசி சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும், அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பசை பூசிய உடனே தண்ணீரைத் திறந்துவிடுவது இன்னொரு பழக்கம், டப்பாவில் எழுதியுள்ள நேரம் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். ஹீட்டரிலிருந்து வரும் சூடான தண்ணீருக்கு சாதாரண பிவிசி கூடாது. சில பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை இரும்புக் குழாயோடு இணைத்திருப்பார்கள். இரும்பை எடுத்து பிளாஸ்டிக் போட்டால் எர்த் போய்விடும். அதனால் குழாய் மாற்றுவதற்கு முன் ஒரு வயர்மேனையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

பிளம்பரிடம் விலை கேட்கும்போது மொத்தத் தொகை மட்டும் வாங்காதீர்கள். எத்தனை மீட்டர் குழாய், என்ன வகை, என்ன அளவு, உடைப்பதும் பூசுவதும் யார் பொறுப்பு, பழைய குழாயை எங்கே துண்டிக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்பான் அனுமதி வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்டதற்கே முகம் சுளிப்பவர் வேண்டாம்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருந்தவரை பைப்பு உடைந்தால் ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) சொன்னால் போதும், நிர்வாகம் ஆள் அனுப்பும். தாமானுக்கு வந்த பிறகு நாமே நிர்வாகம் ஆகிவிட்டோம், ஆனால் கூரைக்குள் ஏறிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. அப்பா வாங்கிய நாளிலிருந்து அந்தத் தொட்டியை யாராவது திறந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை அல்ல, தொட்டியைத் தாங்கும் மரங்களை. 200 கேலன் தொட்டி நிறைந்தால் 900 கிலோ. அவ்வளவு எடையும் சில கட்டைகள்மேல், உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. நம் தாமான்கள் பலவும் ரப்பர் மரங்களைச் சாய்த்த நிலத்தில் எழுந்தவை, கறையானுக்குக் குறைவில்லை. ஒரு ஸ்குரூ டிரைவரால் கட்டையைக் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் குழாய் வேலையையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு, தொட்டியைக் காலிசெய்து தச்சரைக் கூப்பிடுங்கள்.

ஏறும்போது மரச் சட்டத்தின்மேல் மட்டும் கால் வையுங்கள், சீலிங் பலகை தாங்காது. அந்தக் காலத்துச் சீலிங் பலகையிலும் தொட்டியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அறுக்கவோ, துளைக்கவோ, உரசிக் கழுவவோ கூடாது, தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தொட்டி அந்த வகை என்றால், அல்லது துருப்பிடித்த இரும்புத் தகடு என்றால், கழுவுவதில் நேரம் போக்காமல் பாலி (பிளாஸ்டிக்) தொட்டிக்கு மாறிவிடுங்கள். பாலி தொட்டியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வரும் நாள் இதற்கு நல்ல நாள், எப்படியும் தொட்டி காலியாகப் போகிறது. சோப்பு வேண்டாம், பிரஷ் போதும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் பல்லி விழும், ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து கொசுப்புழுவைக் கண்டால் அபராதம் வேறு.

கழிவு நீர்ப் பக்கம் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் வீடு பழையது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பழைய வீடுகளில் சமையலறைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேராக லோங்காங்குக்குப் போகும். கழிவறை மட்டும்தான் செப்டிக் டேங்குக்கோ பொதுக் கழிவுக் குழாய்க்கோ போகும். அதனால் சிங்க் அடைத்துக்கொள்வதும் கழிவறை அடைத்துக்கொள்வதும் தனித்தனி நோய்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அடைத்தால், சமையலறையைப் பெரிதாக்கிய கொன்ட்ரெக்டர் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துவிட்டாரோ என்று சந்தேகப்படுங்கள். பின்பக்கம் இழுத்துக் கட்டும்போது மேன்ஹோல் மூடியின்மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்ட வீடுகள் நம் ஊரில் நிறைய. செப்டிக் டேங்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது உறிஞ்சி எடுக்க வேண்டும். மூடியே எங்கே என்று தெரியாவிட்டால் இண்டா வாட்டர் (கழிவுநீர் நிறுவனம்) லாரி வந்தும் பயனில்லை. அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்போதே இடத்தைக் குறித்துவையுங்கள். ஃபிளஷ் செய்யும்போது குளக் குளக்கென்று சத்தம், மழைக்காலத்தில் தண்ணீர் மெதுவாக இறங்குவது, முற்றத்தில் நாற்றம் எல்லாம் டேங்க் நிறைந்ததற்கு அடையாளம்.

சிங்க் அடைப்புக்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம், தீபாவளிப் பலகாரம் சுட்ட வாரத்தில் பிளம்பர்களுக்கு ஓய்வே இருக்காது. சுடுதண்ணீர் ஊற்றினால் கொழுப்பு கரைந்து போய்விட்டதாகத் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி உறையும். மீந்த எண்ணெயைப் போத்தலில் சேர்த்து வையுங்கள், காசு கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்குக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயைக் கையாலேயே கழற்றலாம், அடியில் ஒரு வாளி வைத்துக்கொண்டு கழற்றிக் கழுவுங்கள். அடைப்பு நீக்கும் மருந்தை ஊற்றுவது கடைசி வழி. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று அதன்மேலேயே இன்னொன்றையோ குளோரோக்ஸையோ ஊற்றுவது உயிருக்கே ஆபத்து, விஷ வாயு கிளம்பும்.

யாரும் புழங்காத குளியலறையில் நாற்றம் வந்தால் தரையில் உள்ள வடிகாலில் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை. மீட்டருக்கு உள்பக்கம் இருக்கும் ஸ்டாப்காக்கை (வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடும் வால்வை) மூடிப் பாருங்கள். பழைய வட்டப் பிடி வால்வு திரும்பாது. பலம் போட்டுத் திருகினால் தண்டு முறியும், அதனால் விட்டுவிடுங்கள். பிளம்பரைக் கூப்பிட்டு அங்கே கால் சுற்றில் மூடும் நெம்பு வால்வு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதே மாதிரி தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒன்று, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒன்று. சிவப்புப் பெயிண்ட் அடித்து, அம்மாவையே ஒருமுறை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் குழாய் வெடித்தால் வீட்டில் இருக்கப்போவது அவர்தான். அந்த மூன்று வால்வுகளையும் மாற்றிய பிறகு மேலே சொன்ன மீட்டர் சோதனையைச் செய்துவிட்டு, சக்கரம் சுற்றியதா, நின்றதா என்று எழுதுங்கள். எந்தக் குழாயிலிருந்து தொடங்கலாம் என்று அப்புறம் பேசுவோம்.